பொன்னாடைக்கு ஒரு பேத்தி

போன செப்டம்பரில் கடலூரில் ஒரு பாரதி விழா. எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக விஜயா பாரதியின் பெயரைச் சொன்னேன். மேடையை விட்டு இறங்கியதும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பாரதியாருக்குப் பேத்தி உண்டா தம்பி? தெரிஞ்சிருந்தா கூப்பிட்டு ஒரு பொன்னாடை போட்டிருக்கலாமே!"

முப்பது வருடம் வகுப்பில் பாரதியைப் பாடிக் காட்டியவர் அவர். நல்ல மனசில்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பொன்னாடை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

விஜயா பாரதி, பாரதியின் மூத்த மகள் தங்கம்மாளின் மகள். பாரதியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவரைப் பற்றி எழுதியவர். சரி, இதில் எது நம் காதில் விழுகிறது? "பேத்தி" மட்டும்தான். உடனே தாத்தா மடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்கிறோம். பாரதி 1921லேயே போய்விட்டார். பேத்தி பிறந்தது அதற்கப்புறம். நமக்கு மாதிரியே அவருக்கும் தாத்தா காகிதத்தில்தான் கிடைத்தார்.

கூடவே வீட்டுப் பேச்சும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது லேசுப்பட்ட வீடும் அல்ல. செல்லம்மா சொல்லச் சொல்லத் தங்கம்மாள் எழுதிய பாரதி சரித்திரம் 1941லேயே வந்துவிட்டது. இளைய மகள் சகுந்தலாவும் அப்பாவைப் பற்றி எழுதினார். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையைச் சொல்லி நாம் கைதட்டுகிறோம். அன்றைக்கு உலை வைக்க வேண்டியவர் யார் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். (எங்கள் ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் இருபத்து நான்கு நாள் போட்டார்கள். அதை என்னவோ நாங்களே விருந்து வைத்து அனுப்பின மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.)

ஆனால் நினைவு வேறு, ஆராய்ச்சி வேறு. பாரதியின் எழுத்து 'இந்தியா', 'சுதேசமித்திரன்', 'சக்கரவர்த்தினி' என்று பத்திரிகை பத்திரிகையாகச் சிதறிக் கிடந்தது. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912ல் அச்சானது. இரண்டாம் பாகத்தை அவர் புத்தகமாகப் பார்க்கவே இல்லை, 1924ல்தான் வந்தது. எது எப்போது எழுதியது, எந்த வாசகம் சரி என்று உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ரத்த உறவு ஒரு எழுத்துக்கூட உதவாது. உபத்திரவம் வேண்டுமானால் தரும். பாராட்டி எழுதினால் பாசம் என்பார்கள். குறை சொன்னால் வீட்டுப் பெண்ணே இப்படிச் சொல்லலாமா என்பார்கள். வெளியிலிருந்து பாரதியை ஆராய்ந்த ரா. அ. பத்மநாபனுக்கும் சீனி. விசுவநாதனுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் எழுதினதை எழுத்தாக மட்டும் படித்தோம்.

விஜயா பாரதியின் மகள் மீரா சுந்தரராஜன் சட்ட அறிஞர். படைப்பாளியின் தார்மீக உரிமை, அதாவது படைப்பைச் சிதைக்கவிடாமல் தடுக்கும் உரிமை, அவர் துறை. 1949ல் சென்னை அரசு பாரதி பாடல்களின் உரிமையை வாங்கி, பின்னர் அதைப் பொதுச் சொத்தாக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தப்பும் தவறுமாக அச்சிடலாமா? அப்போது கேட்க யாருக்கு உரிமை? கவிஞர் வீட்டில் பிறந்த ஒருவர் இந்தத் துறைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

குடும்பத்தார் எழுதினால் ஒருபக்கச் சார்பு இருக்கும் என்கிறீர்களா? இருக்கலாம். படித்துவிட்டு, சான்று காட்டிச் சண்டை போடுங்கள். படிக்காமலே போர்த்துகிற பொன்னாடையை விட அது எவ்வளவோ மரியாதை.

விழா முடிந்த மறுநாளே அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போய், என்னிடமிருந்த விஜயா பாரதி புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ரொம்ப நாள் பேச்சே இல்லை. போன வாரம் போன் வந்தது.

"தம்பி, ஒரு இடத்துல எனக்கு ஒப்புதல் இல்ல" என்று ஆரம்பித்தார். அரைமணி நேரம் விடவில்லை.