ராடுக்கும் பைப்புக்கும் தனி நிதி ஒதுக்குங்கள்

உலக வேலைச் சந்தை என்றதும் பலருக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. ஆம்பூரிலிருந்து ஐரோப்பா போகும் ஷூவின் தோலில் குரோமியம்-6 என்ற நச்சு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது 2015 முதல் அங்கே விதி. ஊரை விட்டே நகராத தொழிலாளியின் வேலையையும் அந்த அளவுதான் தீர்மானிக்கிறது. வெளியே இருப்பவர் வைக்கும் சோதனையை நம் கல்வி தாங்குமா? பழைய வட ஆற்காடு முழுக்கப் பார்த்தால், சான்றிதழ் வரைக்கும் தாங்குகிறது, கைவேலை என்று வரும்போது தடுமாறுகிறது.

ஐடிஐ வெல்டர் ட்ரேடையே எடுத்துக்கொள்வோம். ஓராண்டுப் படிப்பு. வளைகுடா ரிஃபைனரிக்கு ஆள் எடுப்பவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு நேராக 6ஜி டெஸ்டுக்கு நிறுத்துவார். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப். ரூட் எனப்படும் முதல் அடுக்கு டிஐஜியில் (ஆர்கான் வாயு சூழப் போடும் வெல்டிங்), அதன் மேலே 7018 என்ற வெல்டிங் ராடு, பிறகு எக்ஸ்ரே. ரூட் அடிக்கடி கெடுவது பைப்பின் அடிப்பக்கத்தில்தான். அண்ணாந்து போட வேண்டிய இடம் அது. உருகிய இரும்பு கீழே இறங்க, உள்பக்கம் குழி விழுந்துவிடும். சேர்க்கும் இரண்டு பைப் முனைகளுக்கும் நடுவே 2.5 முதல் 3 மி.மீ. இடைவெளி சீராக இல்லாவிட்டாலும் கெட்டது. அடுத்தது ஈரம். 7018 ராடைப் பிரித்துப் போட்டு மறுநாள் எடுத்தால் வெல்டில் துளை விழும், விரிசலும் வரும். 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது காயவைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஓவன் சும்மா கிடந்தால் பையன் இதை எங்கே கற்பான்?

கடைசி நான்கு மாதமாவது நாளுக்கு ஒரு ஜாயிண்ட் போட்டாக வேண்டும். கட்டுப்படியாகாது என்பார்கள். போட்ட ஜாயிண்டை வெட்டி எடுத்து, முனையைத் திரும்பச் சாய்வாகச் சீவினால் அதே பைப் பல முறை வரும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 4.0 தரத்துக்கு, அதாவது கணினியோடு இணைந்த நவீன மிஷின்கள் கொண்டவையாக, உயர்த்தியதை மனதார வரவேற்கிறேன். ஆனால் மிஷின் ஒரு தடவை வாங்குவது. ராடும் பைப்பும் ஆர்கானும் மாதாமாதம் வாங்குவது. அந்தச் செலவுக்குத் தனி நிதி வேண்டும். ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையைச் சுற்றியுள்ள யூனிட்களில் மிஞ்சும் பைப் துண்டுகளைக் கேட்டு வாங்க ஐடிஐ முதல்வருக்கு அதிகாரமும் வேண்டும்.

நர்சிங்கில் கதை வேறு. 1909-லேயே ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். கைத்திறனில் குறையில்லை, மொழியில்தான் இடிக்கிறது. ஜெர்மனியில் முழு அங்கீகாரத்துக்கு பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல்-இடைநிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள். அதற்கு 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவை. பட்டம் வாங்கியபின் ஆறு மாதத்தில் இதை அடைத்துத் திணிப்பது நடக்கிற காரியமா? நான்காண்டு பி.எஸ்சி.யில் ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு ஒரு வகுப்பு வைத்தாலே 800 வந்துவிடும். விருப்பப்பாடமாக வையுங்கள்.

காசே செலவாகாத வேலை ஒன்றும் இருக்கிறது. மார்க் ஷீட்டில் எஸ். முருகன், டிப்ளமாவில் முருகன் எஸ்., பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணி. மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் விசா கை நழுவிவிடும். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத்துறைக்குப் போகும் முன் பள்ளி பெற்றோரை அழைத்து, பிறப்புச் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கட்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடலாம்.