ஏலியனுக்கு எவ்வளவு கூலி?

அந்த வீடியோவில் இத்தனை பேர் என்னை டேக் செய்யாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருப்பேன். பெரு நாட்டு சக்சய்வமான் கோட்டையின் ராட்சதக் கல் சுவரைக் காட்டி, "இதை மனுசன் கட்டியிருக்கவே முடியாது, ஏலியன்தான்" என்று அந்த அண்ணன் கண்ணை உருட்டுகிறாரே, அதுதான். கீழே நான் போட்ட கமெண்டுக்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். பொறாமையாம். பூமராம். "நீங்க என்ன ஆர்க்கியாலஜிஸ்டா ப்ரோ?" இல்லைதான். அவரும் இல்லை. அவரிடம் மட்டும் ஏன் யாரும் அதைக் கேட்கவில்லை?

அந்தச் சுவர் ஏதோ யுகத்துக்கு முந்தையது இல்லை. 15ஆம் நூற்றாண்டில், அந்நாட்டை ஆண்ட இன்காக்கள் கட்டத் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டிலேயே அந்தப் பக்கம் போன சியேசா தெ லியோன் என்ற ஸ்பானியர் விசாரித்து எழுதி வைத்திருக்கிறார்: மாகாணங்களிலிருந்து 20,000 பேர் வரவழைக்கப்பட்டார்கள், 4,000 பேர் கல் உடைத்தார்கள், 6,000 பேர் தோல் வடத்தையும் நார் வடத்தையும் கட்டி இழுத்தார்கள். எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் கேட்டவருக்குச் சொல்ல அங்கே ஆட்கள் இருந்தார்கள். பறக்கும் தட்டைப் பற்றி ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"இரும்பு உளியே இல்லாமல் எப்படி?" ஜான் பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியருக்கும் இதே சந்தேகம் வந்தது. அவர் வீடியோ போடவில்லை. ருமிகொல்கா என்ற இன்காக் கல்குவாரிக்கே போய், அங்கே கிடந்த கெட்டியான ஆற்றுக்கல்லைக் கையில் எடுத்து, ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறை மேல் தட்டிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கல்லின் மூன்று பக்கங்கள் தயார். முகப்புக்குப் பெரிய கல். ஓரம் தெறித்துவிடாமல் இருக்கச் சின்னக் கல். அதனால் முகப்பில் பெரிய கொத்துத் தழும்பும் ஓரத்தில் பொடித் தழும்பும் விழுந்தன. இன்காச் சுவர்களில் இருப்பதும் இதே தழும்புதான்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் கல் வேலைக்காரர். பாறையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். கணீரென்று கேட்டால் எடுப்பார். சத்தம் அமுங்கினால் உள்ளே விரிசல், விட்டுவிடுவார். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கினால் கோடு கிழித்த மாதிரி பிளக்கும். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், அவருக்கு அது அன்றாட வேலை. எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் அவர் கொத்திய தூண்கள் நிற்கின்றன. டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் டியூப்லைட்டிலேயே இருக்கிறது. தூண் கொத்தியவர் பெயர் எங்கும் கிடையாது. "மனுசனால முடியாது" என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று இப்போது புரியும்.

"அதெல்லாம் சின்னக் கல்லுக்குச் சரி, 100 டன் கல்லுக்கு?" என்கிறார் இன்னொரு நண்பர். நியாயமான கேள்விதான். பெருவிலேயே ஒல்லந்தாய்தம்போ என்ற இன்னொரு இன்கா ஊருக்குப் போகட்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை மேல் கல் எடுத்து, இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்தப் பக்கம் சாய்தளம் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். வழி நெடுகப் பாதியில் விட்ட பெரும்பாறைகள் இன்றைக்கும் கிடக்கின்றன. விண்கலம் வைத்திருந்தவன் ஏன் கல்லை நடுவழியில் போட்டுவிட்டுப் போனான்? டீசல் தீர்ந்துவிட்டதா?

சுவரையே எத்தனை நாள் பார்ப்பது? அத்தனை ஆட்களுக்கும் சோறு போட்டது யார்? மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்ற ஒரு புல்லில் ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி மக்காச்சோளம் ஆக்கியிருக்கிறார்கள். தியோசின்டே கதிர் விரல் நீளம்கூட வராது. மணி மேல் பல்லை உடைக்கும் ஓடு. அப்புறம் அந்தச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைக்கக் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். சோளமே கதியென்று இருந்த வட இத்தாலி ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற சத்துக்குறை நோய் வந்து தோல் வெடித்துப் புத்தி பேதலித்தது. பெருப் பக்கத்து ஆண்டிஸ் மலைக்காரர்களோ உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்து, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்துச் சுன்யோ ஆக்கினார்கள். வருடக்கணக்கில் கெடாது. இதற்கெல்லாம் எவனும் வீடியோ போடமாட்டான். கிழங்கு மிதிக்க ஏலியன் வந்தான் என்றால் சிரிப்பார்கள் இல்லையா?

இன்காக்களுக்கும் ரொம்ப முன்னால், அதே பெருவில் கரால் நகரம் கி.மு. 2600 வாக்கில் எழுந்தது, எகிப்துப் பிரமிடுகளின் காலம். அங்கே மண்பானைகூடக் கிடையாது. கோரைப்புல்லில் வலைப்பை பின்னி, கல்லை நிரப்பி, பையோடு அடுக்கி மேடை எழுப்பினார்கள். நிலநடுக்கத்தில் பை நெளிந்து கொடுக்கும், மேடை சரியாது. அந்தப் புல்லைச் சோதித்துத்தான் இன்றைய ஆய்வாளர்கள் நகரத்தின் காலத்தையே கணித்தார்கள்.

அடுத்து நம்மவர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா இனத்தவர் கட்டியவற்றைக் காட்டி, "மாயன் கட்டினான், மாயன் நம்ம புராணத் தச்சன் மயன், ஆக தமிழன் கட்டினான்" என்கிறார்கள். எனக்கும் தமிழ்ப் பெருமை உண்டு சாமி. அதற்காக அடுத்தவன் கட்டிய வீட்டுக்கு நம் பேரில் பட்டா கேட்பதா? கீழடியை வேறு யாராவது கட்டினார்கள் என்றால் நாம் சும்மா இருப்போமா? இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்தைக் கட்டி முடிக்க 1248இலிருந்து 1880 வரை ஆனது. அதை ஏலியன் கட்டினான் என்று எவனாவது சொல்கிறானா? பெருவும் குவாத்தமாலாவும் என்றால் மட்டும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

"மாயன்கள் மர்மமாக மறைந்துபோனார்கள்" என்று வேறு அந்த வீடியோவில் பின்னணி இசையோடு வருகிறது. மறையவில்லை ஐயா. லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், மாயா மொழிகள் பேசுகிறார்கள். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ரிகோபெர்ட்டா மென்சு ஒரு மாயப் பெண். மறைந்தவை அவர்களுடைய புத்தகங்கள். 1562இல் மெக்சிகோவின் மனி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் அவற்றைக் குவித்துக் கொளுத்தினார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. எழுதியதையெல்லாம் எரித்துவிட்டு, "எப்படிக் கட்டினார்கள் என்று ஆதாரம் இருக்கா ப்ரோ?" என்று கேட்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

"ஜாலியா பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே, ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்று எழுதியிருந்தீர்களே தம்பி, உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்? அதை அவர் செய்யவே இல்லை, வேற்றுக்கிரகத்திலிருந்து யாரோ வந்து செய்துகொடுத்தார்கள் என்று நான் ஒரு வீடியோ போடுகிறேன். ஜாலியாகப் பார்த்துவிட்டு ஷேர் செய்யுங்கள்.