ஆள் இருக்கிறார்கள், கூப்பிடும் விதம்தான் பழசு

தன்னார்வத் தொண்டுக்கு ஆள் வருவதில்லை, இளைஞர்களிடம் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதை ஏற்க முடியவில்லை. மனம் இருக்கிறது, வாராவாரம் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்து நிற்க முடிவதில்லை, ஷிஃப்ட் வேலை பார்ப்பவரிடம் அதைக் கேட்டால் எப்படி வருவார்? 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது எங்கெங்கோ இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் தெருத்தெருவாக வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்து வழி பார்த்தன, வரைந்தவர்களில் பலர் வீட்டை விட்டு நகரவே இல்லை.

அப்புறம் தொண்டு அமைப்புகளின் லட்சணம். பெயர் கொடுத்தால் வாரக்கணக்கில் பதில் இருக்காது, திடீரென்று வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து "நாளை காலை 7 மணிக்கு அனைவரும் வரவும்" என்பார்கள். போனால் டி-ஷர்ட் கொடுத்து, பேனரைப் பிடிக்க வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவரை நாற்காலி தூக்க வைத்தால் அடுத்த முறை ஏன் வரப்போகிறார்? என்ன வேலை, எத்தனை மணி நேரம், போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். பஸ் செலவையாவது கொடுங்கள் (சும்மா உழைக்கிறவர் கைக்காசையும் போட வேண்டுமா என்ன?). வருவதை நிறுத்தியவருக்கு ஒரு போன் போட்டு ஏன் என்று கேட்கிற அமைப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.