முகாம் மாப்பிள்ளையும் 7 வருடக் கணக்கும்

இலங்கை அகதி முகாம் பையனை நம்மூர்ப் பெண் கட்டிக்கொண்டால் அவனுக்கும் தானாகவே குடியுரிமை வந்துவிடும் என்று இன்னும் நிறைய பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வராது. இந்தியரை மணந்தவர் 7 ஆண்டுகள் இங்கே வசித்திருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வது உண்மைதான், ஆனால் அதே பிரிவு 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கதவைச் சாத்திவிடுகிறது. உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவரெல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. 1990இல் குண்டுக்குப் பயந்து இரவோடு இரவாகப் படகேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவர் எந்த அலுவலகத்தில் வரிசையில் நின்று விசா வாங்கியிருப்பார்? இறங்கியவரை மண்டபத்தில் வைத்துப் பதிந்து, அடையாள அட்டை கொடுத்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்தது அரசுதானே!

கும்மிடிப்பூண்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் சிறுவனாகப் படகில் வந்தவர், பெயிண்ட் வேலை, மனைவி பொன்னேரிக்காரர். தேர்தல் அன்று மனைவியை பைக்கில் கூட்டிப் போய் இறக்கிவிட்டு இவர் வெளியே டீக்கடையில் நிற்பார். முகாமில் செக்கிங் என்றால் வேலையை விட்டுவிட்டு வந்து தலையைக் காட்ட வேண்டும், அன்றைய கூலி போச்சு.

இவர்கள் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். மூத்தவள் பிறந்தது 2003. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று அப்போது சட்டம் இருந்தது, அதனால் அவள் இந்தியர். 2004 டிசம்பர் 3 முதல் அது மாறிவிட்டது: ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தம்பி பிறந்தது 2006. அதே அம்மா, அதே அப்பா, அதே அரசு ஆஸ்பத்திரி, ஆனால் அவன் இந்தியன் இல்லை. மீஞ்சூரைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போகாத பையன் ஏதாவது ஒரு நாட்டுக் குடிமகன் ஆக வேண்டும் என்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் போய்ப் பதிய வேண்டும்.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தது. சரி, நல்லதுதான். ஜெயில் பயம் போச்சு, ஆனால் விலக்கு வேறு குடியுரிமை வேறு.

'இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் அதற்காகவே பொய்க் கல்யாணம் பண்ணுவார்கள்' என்று யாராவது வருவார்கள், தெரியும். 7 வருடம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? முகாமில் யார் யாரோடு குடும்பம் நடத்துகிறார் என்பது வருவாய்த் துறைக்கும் தெரியும், முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான க்யூ பிராஞ்சுக்கும் தெரியும், இவர்களை விடத் துருவித் துருவி விசாரிக்கப்பட்ட தம்பதிகள் இந்த நாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அரசே பதிந்து வைத்திருக்கும் முகாம்வாசிகளைச் சட்டவிரோதக் குடியேறி என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதும். அந்த 7 வருட விதி அதுபாட்டுக்கு வேலை செய்யும், 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து இதைச் செய்ய வேண்டும்.