ஊருக்குப் போய்ப் பெற்றது என் தப்புதான் அண்ணா

நேற்று தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்தியாவில் பிறந்த என் பையனுடைய பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான முத்திரை, வாங்கியது போதுமா, இல்லை வேறு ஏதாவது வேண்டுமா? ஓர் அண்ணனிடமிருந்து வந்த பதில்: "இங்கேயே பெத்திருந்தா இந்தத் தலைவலியே இல்லையேம்மா." அதற்குப் பதினோரு சிரிப்பு முகங்கள். ஆமாம், எண்ணினேன்.

அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இங்கே பி.ஆர். இருக்கிறது. வேலை இங்கே, வரி இங்கே, வீட்டுக்கடனும் இங்கேதான். அப்புறம் பிள்ளையின் வீடு மட்டும் எங்கே இருக்கும்? இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 26ஆம் பிரிவே பி.ஆர். உள்ளவரின் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கேட்பதெல்லாம் நம் ஆட்கள்தான்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது என்ன உலகத்தில் இல்லாத கூத்தா? ஏழாம் மாதம் போனேன், வளைகாப்பு போட்டார்கள், 2020 ஜனவரியில் கும்பகோணத்தில் பிறந்தான். ஜோகன்னஸ்பர்க்கில் நல்ல மருத்துவமனைகள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டு "நீ கொஞ்சம் தூங்குடி" என்று சொல்ல இங்கே யார் இருந்தார்கள்? பத்தியச் சாப்பாடு யார் செய்து போட்டிருப்பார்கள்? அந்தப் பதினோரு பேருமா?

ஏப்ரலில் திரும்ப டிக்கெட். மார்ச் கடைசியில் இரண்டு நாடும் பூட்டிக்கொண்டன. என் கணவர் தன் பையனை எட்டு மாதம் போனில்தான் பார்த்தார். சரி, வந்து சேர்ந்ததும் விண்ணப்பிக்கலாம் என்றால், கொரோனாவால் நின்ற பி.ஆர். வேலை 2022 ஜனவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இதுவும் நான் தாய்வீடு போனதால்தானோ என்னவோ.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. நம் ஊரில் இனிஷியலோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் பையனுக்கு என் கணவர் பெயர், கணவருக்கு மாமனார் பெயர், எனக்கு என் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப்பெயர்! டர்பனில் "பிள்ளை", "நாயுடு", "கோவெண்டர்" என்று பெயர் வைத்திருக்கும் பழைய இந்தியக் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டமே தலைமுறை தலைமுறையாகக் குடும்பப்பெயராகிவிட்டது. விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் இருந்த பெண் எங்கள் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டி.என்.ஏ. பரிசோதனை செய்துவிட்டால் சுலபமாக இருக்கும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் கணவர் பக்கத்தில் நின்றார், நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளூர்க்காரர்களே அடையாள அட்டைக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார்களே, உங்களுக்கு என்ன தனி மரியாதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தனி மரியாதை கேட்கவில்லை. விதியை மாற்றவும் சொல்லவில்லை. விதியில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்கிறேன். "இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கே" என்றவருக்குப் பதில் கிடையாது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள்.

என் மகளும் இங்கே பிறந்தவள்தான். பிறந்ததிலிருந்து 18 வயதுவரை இங்கேயே வளர்ந்தால் அவள் குடியுரிமையே கேட்கலாம். அண்ணனுக்குப் பி.ஆர். கிடைத்தாலும் 18 முடிந்து இரண்டு வருடத்துக்குள் உறுதிப்படுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அது காலாவதி. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உருண்டு தூங்குகிறவர்கள். நேற்று ஒருவர் வேடிக்கையாக, "வீட்டுக்குள்ளேயே இந்தியா–தென்னாப்பிரிக்கா மேட்ச்" என்று எழுதினார். அதற்கும் சிரிப்பு முகம்.

இதே குழுவில்தான் வருடம் தவறாமல் பிப்ரவரி 22 அன்று தில்லையாடி வள்ளியம்மை படம் வரும், பூ வரும், கும்பிடும் கை வரும். அந்தப் பெண் பிறந்தது இதே ஜோகன்னஸ்பர்க்கில், 1898இல். தில்லையாடி அவள் பெற்றோரின் ஊர். ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கிய இந்தியர்களுக்கு 3 பவுண்டு வரி போட்டு, அப்புறம் 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும்கூட அதை நீட்டினார்களே, அந்த அநியாயத்தையும் எதிர்த்த போராட்டத்தில் சிறைக்குப் போய், வெளியே வந்ததும் 1914இல் செத்துப்போனாள். வயது பதினாறு. இங்கே பிறந்தவளைப் பெற்றோர் ஊரின் பெயரால் கூப்பிட நமக்குக் கூச்சமே இல்லை. என் பையனுக்குப் பெற்றோர் இருக்கும் ஊரைச் சொல்லிக்கொள்ள மட்டும் அருகதை இல்லையா?

ஒரு கேள்விக்கு இவ்வளவு நீளமா என்பீர்கள். கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதை நினைவுபடுத்துகிறேன்.

குழுவை விட்டு விலகவில்லை, மியூட்தான் செய்திருக்கிறேன். நாளை காலை ஒன்பது மணிக்கு மறுபடி போகவேண்டும். கொடுத்த போட்டோ பழையதாகிவிட்டதாம். உண்மைதான், அதில் இருக்கும் இரண்டு முன்பல்லும் இப்போது அவனுக்கு இல்லை.