சதுப்பு நிலத்தை வடிப்பது தீர்வு அல்ல

"சதுப்பு நிலங்கள் மீத்தேனை வெளியிடுகின்றன, ஆகவே அவற்றை வடித்து வயலாக்கினால் புவி வெப்பமாதல் குறையும்" என்று சிலர் சொல்வதில் முதற்பாதி மட்டுமே சரி. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் மீத்தேன் உருவாகிறது. ஆனால் அதே காரணத்தால்தான் விழுந்த இலையும் வேரும் முழுமையாக மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பீட் என்னும் படிவாகச் சேர்ந்திருக்கின்றன. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ள இந்தப் பீட் நிலங்கள், உலகக் காடுகளின் தாவரங்கள் அனைத்தையும்விட அதிகக் கார்பனைத் தாங்கி நிற்கின்றன.

நீரை வடித்தால் காற்று உட்புகுந்து, அப்படிவு மட்கிக் கார்பன் டைஆக்சைடாக வெளியேறும். மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 10 ஆண்டுகளில் சிதைந்துவிடும். கார்பன் டைஆக்சைடின் கணிசமான பகுதியோ பல நூற்றாண்டுகள் தங்கும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் போடும் கணக்கு எப்படிச் சரியாகும்?

இந்தோனேசியாவில் சுகார்த்தோ அரசு, 1990களின் நடுவில், மத்தியக் கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் பரப்பை நெல்வயலாக்கக் கால்வாய்களை வெட்டியது. நெல் விளையவில்லை, உலர்ந்த பீட் 1997 வறட்சியில் மண்ணுக்கடியிலும் கனன்று எரிந்தது. அவ்வாண்டு அந்நாட்டுப் பீட், காட்டுத் தீயால் வெளியான கார்பன், உலகின் புதைபடிவ எரிபொருள்கள் ஓராண்டில் வெளியிட்டதில் 13 முதல் 40 சதவீதத்துக்கு இணையானது என்று மதிப்பிடப்பட்டது. அதே கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணிதான் பின்னர் அங்கே மேற்கொள்ளப்பட்டது.