இன்ஜின் இருக்கு, பின்னாடி மாட்டப் பெட்டி எங்கே?

மாடல் ரயில் செய்யற கம்பெனிக்காரங்களே, மறுபடியும் அதே அறிவிப்பு. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன், புதுப் பதிப்பு! 1923-ல கட்டின அந்த பிரிட்டிஷ் நீராவி இன்ஜின் நிஜத்துல ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கே எத்தனை பெயின்ட், எத்தனை நம்பர், எத்தனை 'லிமிடெட் எடிஷன்'! பிக் பாய்ங்கற ராட்சத நீராவி இன்ஜினும் அப்படித்தான். அமெரிக்காவோட யூனியன் பசிபிக் ரயில் கம்பெனிக்குக் கட்டினது மொத்தமே 25. மாடலா வந்ததுக்குக் கணக்கு வழக்கே இல்ல.

சரி, இன்ஜினை வாங்கியாச்சு. பின்னாடி மாட்டப் பெட்டி? என்னைக்கோ ஒரு தடவை வந்துச்சாம், தீர்ந்துடுச்சாம். யானையை வித்துட்டு அங்குசத்தை ஒளிச்சு வச்ச கதையா இருக்கு.

சரக்கு வேகன் விஷயம்தான் வயிறு எரியுது. நிஜ நிலக்கரி ரயில்ல ஒவ்வொரு வேகனுக்கும் தனித்தனி நம்பர். இங்க காசு சேர்த்து வாங்கி வரிசையா நிறுத்தினா, எல்லாத்து மேலயும் ஒரே நம்பர்! நம்பரை மாத்த வார்ப்பு அச்சைத் தொடவே வேண்டாம், மேல எழுத்து அடிக்கிற தகட்டை மாத்தினா போதும். அதைக்கூடச் செய்ய மாட்டாங்க. நாமதான் பூதக்கண்ணாடி வச்சு, அடியில இருக்கிற பெயின்ட் உரியாம கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் சுரண்டி, நம்பர் அச்சடிச்ச துளியூண்டு டீக்கால் ஸ்டிக்கரை ஈரம் பண்ணி ஒட்டணும். கொஞ்சம் கோணினாலும் போச்சு.

எஃகு அச்சுக்குத்தான் பெருஞ்செலவு, புரியுது. அதனாலதான் கேக்கறேன். ஒருத்தன் ஒரே இன்ஜினை எத்தனை தடவை வாங்குவான்? ஆனா அதே ஆள் இருபது வேகன் வாங்குவான், நம்பர் வேற வேறயா இருந்தா. அச்சுப் போட்ட காசு எதுல சீக்கிரம் திரும்பும்? இந்தக் கணக்கு ஏன் உங்க கண்ணுக்குத் தெரியல?

முன்பதிவுன்னு ஒரு கூத்து வேற. கம்ப்யூட்டர் வரைபடத்தைக் காட்டி, பெயின்ட் அடிச்ச சாம்பிள் கையில வர்றதுக்கு முன்னாடியே முன்பதிவை மூடிடறாங்க. கண்ணால பார்க்காத பொருளுக்கு எவன் பணம் கட்டுவான்? அந்த எண்ணிக்கையை வச்சுக்கிட்டு "தேவை குறைவு"ன்னு ஒரு முடிவு. சரக்கு இறங்கின கொஞ்ச நாள்லயே காலி. அப்புறம் பதுக்கி வச்சவன் ரெண்டு மடங்கு விலைக்கு விக்கிறான். அந்தக் கூடுதல் காசுல உங்களுக்கும் ஒரு பைசா வராதே!

அடுத்த இன்ஜினை அறிவிக்கும்போது முழு ரயிலுக்கான பெட்டியையும் சேர்த்து அறிவிங்க, நம்பரை மாத்தி மாத்தி. இல்லன்னா அந்த இன்ஜினும் எனக்கு வேண்டாம்.